லண்டனுக்குப் பாதாள சாக்கடை கட்டிய ஜோசப் பாசல்ஜெட்

நம் வாசல் சாலையைக் குடிநீருக்கு ஒரு தரம், கேபிளுக்கு ஒரு தரம், கழிவுநீருக்கு ஒரு தரம் என்று தோண்டி மூடுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். மூடியபின் உள்ளே என்ன போட்டார்கள், வாட்டம் சரியாக இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. வீட்டுச் சுவரில் விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்குள் செய்த வேலையின் லட்சணம் பல வருடம் கழித்துத்தான் தெரியும்; அதற்குள் காண்ட்ராக்டர் பில் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார். இப்படிப்பட்ட வேலையை ஒரு பெருநகரம் முழுவதற்கும் தனியார் ஒப்பந்ததாரர்களை வைத்தே செய்து முடித்தவர் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி இந்த இதழில் பார்ப்போம்.

ஜோசப் பாசல்ஜெட் 1819 மார்ச் 28 அன்று லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் பிறந்தார். தாத்தா பிரான்சைச் சேர்ந்தவர். தந்தை பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. இளமையில் அயர்லாந்தில் சதுப்பு நிலங்களை வடித்து மீட்கும் பணியில் தொழில் கற்றுக்கொண்டார். பிறகு லண்டனில் சொந்த அலுவலகம் தொடங்கினார். அப்போது ரயில் பாதை போடுவதில் நாடே பித்துப் பிடித்து அலைந்த நேரம். ஓயாத வேலையால் 1847-ல் மனமும் உடம்பும் தளர்ந்து படுத்துவிட்டார். தேறி எழுந்து 1849-ல் கழிவுநீர் ஆணையத்தில் உதவி அளவையாளராகச் சேர்ந்தார். 1856-ல் லண்டன் பெருநகர வாரியம் அமைந்தபோது அதன் தலைமைப் பொறியாளர் ஆனார்.

லண்டனின் அன்றைய நிலைமையைச் சொல்ல வேண்டும். வீடுகளில் தண்ணீர் ஊற்றும் கழிவறைகள் பரவிவிட்டன. பழைய மலத்தொட்டிகளை மூடச் சொல்லி, எல்லாக் கழிவையும் மழைநீர்க் கால்வாய்களில் விட்டார்கள். அவை நேராகத் தேம்ஸ் நதியில் போய்க் கலந்தன. அதே நதியிலிருந்து பலருக்குக் குடிநீர். 1848-49 காலராவில் லண்டனில் மட்டும் 14,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 1853-54-ல் மீண்டும் 10,000 பேருக்கு மேல். பாசல்ஜெட்டின் திட்டமோ, கழிவு எங்கே போய் விழ வேண்டும் என்ற சர்ச்சையில் மேலும் கீழுமாக அலைந்துகொண்டிருந்தது.

1858 கோடையில் வெயில் கொளுத்தியது. நதி நாறியது. நாடாளுமன்றக் கட்டடம் நதிக்கரையிலேயே இருக்கிறது. திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் உள்ளே உட்கார முடியவில்லை. அந்த ஆகஸ்டுக்குள் சட்டம் நிறைவேறி, 30 லட்சம் பவுண்டு திரட்ட அனுமதியும் கிடைத்தது. ஆயிரக்கணக்கில் ஏழைகள் செத்தபோது நகராத கோப்பு, உறுப்பினர்களின் மூக்கைத் தொட்டதும் நகர்ந்தது.

திட்டம் கேட்பதற்கு எளிமையானது. நதியை நோக்கி வரும் கால்வாய்களைக் குறுக்கே மறித்து, மேற்கிலிருந்து கிழக்காகப் பெரிய செங்கல் கால்வாய்கள். மொத்தம் 132 கிலோமீட்டர். ஒரு மைலுக்கு இரண்டு அடி வாட்டம், அவ்வளவுதான். தாழ்ந்த இடங்களில் மட்டும் நீராவி எந்திரங்களால் பம்ப் செய்து மேலேற்றுவது. நகருக்குக் கிழக்கே தேக்கி வைத்து, கடல் வற்றும் நேரத்தில் ஆற்றில் திறந்துவிடுவது. செலவான செங்கல் 31 கோடியே 80 லட்சம்.

வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து டெண்டர் விட்டார்கள். பிராஸி, ஃபர்னஸ், வெப்ஸ்டர் போன்ற பெரிய காண்ட்ராக்டர்கள் வந்தார்கள். வேலை நடக்கும்போதே செங்கல் விலையும் கொத்தனார் கூலியும் ஏறின. அந்த மாதிரி நேரத்தில்தான் கலவையில் கை வைக்கத் தோன்றும். வங்கியில் காலமெல்லாம் வவுச்சர் சரிபார்த்தவன் என்பதால், பாசல்ஜெட் கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். அதுவரை இத்தகைய வேலைக்கு ரோமன் சிமெண்ட் வழக்கம். போர்ட்லண்ட் சிமெண்ட் அதைவிட வலுவானது, தண்ணீரிலும் இறுகும். ஆனால் சூளையில் பக்குவம் தவறினால் கெட்டுவிடும் என்று பொறியாளர்கள் அதை நம்பவில்லை. பாசல்ஜெட் அதையே எடுத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. வரும் சரக்கை எடை பார்த்து, வார்த்துக் காயவைத்த கட்டியை இழுத்து உடைத்துப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். உதவியாளர் ஜான் கிராண்ட் இந்தச் சோதனைகளை வருடக்கணக்கில் நடத்திக் கணக்கு எழுதி வைத்தார். தேறாத சரக்கு திரும்பிப் போனது. மண் மூடுவதற்கு முன்பே சரிபார்த்துவிட்டார்கள்.

1865 ஏப்ரலில் கிராஸ்னஸ் பம்பிங் நிலையத்தை வேல்ஸ் இளவரசர் திறந்து வைத்தார். அடுத்த ஆண்டே ஒரு பரீட்சை வந்தது. 1866 காலராவில் 5,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் பெரும்பகுதி லண்டனின் கிழக்கே. அந்தப் பகுதிக்கான பம்பிங் நிலையம் இன்னும் முடியாமல் இருந்தது, குடிநீரும் அசுத்தம். திட்டம் வேலை செய்யத் தொடங்கியிருந்த மற்றப் பகுதிகள் பெரும்பாலும் தப்பித்தன. இத்தனைக்கும் நோய் கெட்ட காற்றால் வருகிறது என்றுதான் அன்று பெரும்பாலோர் நம்பினார்கள். தண்ணீரால் வருகிறது என்று டாக்டர் ஜான் ஸ்னோ முன்பே சொல்லியிருந்தும் பலர் ஏற்கவில்லை. நாற்றத்தை விரட்டக் கட்டியது நோயையும் விரட்டியது.

சாலை தோண்டுவதைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா? தேம்ஸ் கரையை உயர்த்தி 1870-ல் திறந்த விக்டோரியா கரைச் சாலையின் அடியில் கழிவுநீர்க் கால்வாய் ஒன்று, சுரங்க ரயில் ஒன்று, எரிவாயு, தண்ணீர்க் குழாய்களுக்கென்று ஆள் நடந்து போகும் சுரங்கம் ஒன்று எனச் சேர்த்தே கட்டினார். குழாயில் கோளாறு என்றால் இறங்கிப் போய்ப் பார்க்கலாம், மேலே சாலையைத் தோண்ட வேண்டாம். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஏற்பாடு இது!

குறையும் உண்டு. கழிவைச் சுத்திகரிக்காமலே கிழக்கே விட்டார்கள். 1878-ல் பிரின்சஸ் ஆலிஸ் என்ற உல்லாசப் படகு அந்த இடத்துக்கு அருகில் மோதி மூழ்கி 600-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ஆற்று நீரின் நிலை எல்லோருக்கும் உறைத்தது. பின்னர்தான் கசடைப் பிரித்துக் கப்பலில் கடலுக்குக் கொண்டுபோனார்கள்.

பாசல்ஜெட்டுக்கு 1875-ல் சர் பட்டம் கிடைத்தது. 1891 மார்ச் 15 அன்று விம்பிள்டனில் காலமானார். அவருடைய கால்வாய்கள் இன்றும் ஓடுகின்றன. ஜனத்தொகை பெருகி, மழை நாட்களில் நிரம்பி வழிந்ததால் 25 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதுச் சுரங்கம் ஒன்றை 2025-ல் முழுமையாக இணைத்தார்கள். அது வழியும் நீரை மட்டும் வாங்கிக்கொள்கிறது. மற்றதெல்லாம் பழைய செங்கல் வழியேதான் போகிறது.