காலைக் காத்த காவலர்: டாக்டர் ஹியூ ஓவன் தாமஸ்

உழைத்து உண்பவனுக்குக் கையும் காலுமே மூலதனம். நிலபுலன் உடையவன் கால் ஒடிந்து ஆறு திங்கள் படுத்தாலும் அவன் வீட்டு அடுப்பு எரியும். சம்பளத்தை நம்பி வாழ்பவன் படுத்துவிட்டாலோ, அவனோடு ஒரு குடும்பமே படுத்துவிடும். இரயில்வே காலனியில் வாழும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. யார்டிலும் ஷெட்டிலும் இரவு பகலாகப் பணிபுரியும் தோழர்களுக்கு ஒரு நொடிப் பிசகு எத்தகைய கேட்டை விளைவிக்கும் என்பதை நாம் கண்ணாரக் கண்டவர்கள். இத்தகைய எளியோரின் கால்களைக் காப்பதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டு, வாழ்ந்த நாளில் பெரியோர் அவைகளில் இடம்பெறாமல், மறைந்த பின் உலகெங்கும் பல்லாயிரவர் உயிரைக் காத்த ஒரு மருத்துவரின் வரலாற்றை நம் சங்க மலரைப் படிக்கும் அன்பர்கள் அறிதல் நலம்.

இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ஆங்கிள்சி என்னும் தீவு இருக்கிறது. 1740களில் அத்தீவின் கரையருகே கப்பல் ஒன்று உடைந்து, அதிலிருந்து சிறுவன் ஒருவன் உயிர் தப்பினான் என்பது அவ்வூர் வழிவழிச் செய்தி. அவன் பேசிய மொழி ஊரார்க்கு விளங்கவில்லை. அன்புடைய ஒரு குடும்பத்தார் அவனை எடுத்து வளர்த்து, ஈவன் தாமஸ் எனப் பெயரிட்டனர். பிசகிய மூட்டையும் ஒடிந்த எலும்பையும் தொட்டுணர்ந்து சேர்க்கும் கைத்திறன் அச்சிறுவனிடம் இயல்பாகவே அமைந்திருந்தது. முதலில் ஆடு மாடுகளுக்கும், பின்னர் மனிதர்க்கும் அவன் எலும்பு கட்டினான். நம் நாட்டில் புத்தூர்க் கட்டுப் போடும் குடும்பங்களைப் போல, அவன் வழிவந்தவர்களும் அக்கலையைத் தந்தையிடமிருந்து மகன் கற்றுத் தொடர்ந்தனர். அந்த ஈவனின் கொள்ளுப்பேரனே நம் வரலாற்றுத் தலைவர் ஹியூ ஓவன் தாமஸ். அவர் 1834ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிறந்தார்.

அவருடைய தந்தையாரும் ஈவன் தாமஸ் என்னும் பெயரினரே. அவர் இளமையிலேயே லிவர்பூல் துறைமுக நகரில் குடியேறி, எலும்பு கட்டுவதில் பெரும்புகழ் பெற்றார். கல்லூரியில் பயின்ற மருத்துவர்களுக்கு அது பொறுக்கவில்லை. பட்டம் பெறாதவர் வைத்தியம் பார்ப்பதா என்று கூறி அவர்மேல் வழக்குகள் தொடுக்கப்பட்டன. குணமடைந்த ஏழை மக்கள் அவர் பக்கம் நின்றனர். எனினும் வழக்கு மன்றப் படிகளில் ஏறியிறங்கிய அத்தந்தை ஒரு நல்ல முடிவுக்கு வந்தார். கைத்திறன் மட்டும் இனிப் போதாது, அதனோடு கல்வியும் சேர வேண்டும் எனத் தெளிந்து, தம் புதல்வர் ஐவரையும் மருத்துவம் படிக்க வைத்தார். ஐவரும் மருத்துவராயினர்.

ஹியூ ஓவன் தாமஸ் முதலில் தம் மாமனாகிய ஒரு மருத்துவரிடம் நான்கு ஆண்டுகள் தொழில் பழகினார். பின்னர் எடின்பரோவிலும் லண்டனிலும் பயின்று, 1857இல் ரணசிகிச்சைத் தகுதி பெற்றார். சிறிது காலம் பாரிசு நகர மருத்துவமனைகளையும் கண்டு திரும்பினார். தந்தையோடு சேர்ந்து தொழில் நடத்த முயன்றபோது இருவர் போக்கும் ஒத்துவரவில்லை. ஆகவே 1859இல் லிவர்பூலின் ஏழைகள் வாழும் பகுதியில் தனியே தொழில் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குப் பின் நெல்சன் தெருவில் 11ஆம் எண் வீட்டுக்கு மாறினார். அவ்வீடு இறுதி வரையில் அவருடைய சிகிச்சைக் கூடமாக விளங்கியது.

அவரை நாடி வந்தோர் கப்பல் கட்டுவோர், கொதிகலன் செய்வோர், மூட்டை சுமப்போர், மாலுமிகள் முதலியோர். தொழிலாளர் சங்கங்கள் பலவற்றிற்கும் அவர் மருத்துவராயிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை செய்தார். அவர் தோற்றமே தனி. மெலிந்த சிறிய உடல். கழுத்துவரை பொத்தானிட்ட கறுப்புச் சட்டை. இளமையில் காயமுற்ற ஒரு கண்ணை மறைக்கும்படி சாய்த்து வைத்த மாலுமித் தொப்பி. வாயில் எந்நேரமும் சிகரெட்டு. அதிகாலையில் வண்டியேறி நோயாளிகளின் வீடுகளுக்குச் செல்லத் தொடங்கினால் இரவு வரை ஓய்வறியார். விடுமுறை என்பது அவர் அறியாத சொல்.

தமக்கு ஓய்வு வேண்டாத அவர், நோயுற்ற எலும்புக்கும் மூட்டுக்கும் ஓய்வே மருந்து என்றார். அவ்வோய்வு முழுமையாகவும், இடையறாமலும், நீண்ட காலத்துக்கும் அமைய வேண்டும் என்பது அவர் கொள்கை. காசநோயால் மூட்டு அழுகியவர்களுக்கும், எலும்பு நொறுங்கியவர்களுக்கும் காலை வெட்டியெடுப்பதே வழி எனப் பலர் கருதிய காலம் அது. தாமஸோ வெட்டுவதை இயன்றவரை தவிர்த்தார். முறிந்த இடத்தை அசையாமல் நிறுத்திவிட்டால் இயற்கையே அதனை ஒட்டவைக்கும்; மருத்துவன் கடமை இயற்கையின் வேலைக்கு இடையூறு வராமல் காப்பதே என்பதை அவர் செயலில் காட்டினார். எலும்பு ஒட்டத் தாமதித்தால், முறிவின் மேலும் கீழும் இரப்பர்க் குழாயால் இறுக்கி அவ்விடத்தில் இரத்தம் தேங்கச் செய்தும், சிறு சுத்தியால் தட்டியும் அதனைத் தூண்டினார். எக்ஸ்ரே கதிர் கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். தாமஸ் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்தவர். ஆகவே தோலுக்குள் இருப்பதை அவர் விரல்களாலேயே பார்த்தார்.

அசையாமல் நிறுத்துவதற்கு ஏற்ற கருவிகளையும் தாமே வகுத்தார். அவர் வீட்டிலேயே ஒரு கொல்லரும் ஒரு தோல் வேலைக்காரரும் வேலை செய்தனர். நோயாளியின் உடலை அளந்து, அவரவர்க்கு ஏற்ற சிம்புகளை அங்கேயே இரும்பால் அடித்துத் தோல் தைத்துப் பொருத்தினர். அவற்றுள் புகழ்பெற்றது தாமஸ் சிம்பு. தொடையின் அடியில் நுழையும் மெத்தை தைத்த ஒரு வளையம்; அதிலிருந்து காலின் இருபுறமும் இறங்கி, பாதத்துக்கு அப்பால் ஒன்றுசேரும் இரு இரும்புக் கம்பிகள். பாதத்தை அக்கம்பியின் முனையோடு இழுத்துக் கட்டிவிட்டால் கால் நீட்டிய நிலையில் நிலைத்து நிற்கும். இவ்வளவே அதன் அமைப்பு. முழங்கால் மூட்டு நோய்க்காக அவர் அமைத்த இச்சிம்பே தொடை முறிவுக்கும் ஏற்றதாக அமைந்தது. 1875இல் இடுப்பு, முழங்கால், கணுக்கால் நோய்களைப் பற்றிய நூலொன்றில் இவற்றையெல்லாம் விளக்கி எழுதினார்.

ஆனால் மருத்துவ உலகம் செவிசாய்க்கவில்லை. பெரிய மருத்துவமனை எதிலும் அவருக்குப் பதவி இல்லை. எலும்பு கட்டுவோர் குடிப்பிறந்தவர் என்னும் இளக்காரம் ஒருபுறம். எதிர்ப்போரைச் சிறிதும் தயங்காமல் சாடும் அவருடைய கடுமையான எழுத்து மற்றொருபுறம். குற்றம் இரு பக்கத்தும் இருந்தது என்றே கூறவேண்டும். 1891 சனவரி 6ஆம் நாள், தமது 56ஆம் வயதில் அவர் காலமானார். அன்று லிவர்பூலின் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு கண்ணீர் வடித்தனர்.

அவருக்கு மக்கட்பேறு இல்லை. ஆயினும் அவர் மனைவியாரின் உறவினரான ராபர்ட் ஜோன்ஸ் என்னும் இளைஞர் 1873இல் பதினாறு வயதில் அவ்வீட்டுக்கு வந்து, மகனைப் போல வளர்ந்து அவரிடம் தொழில் கற்றார். தாமஸ் சினம் மிக்கவர், ஜோன்ஸ் இன்சொல்லர். குரு எழுதி நிலைநாட்ட முடியாததைச் சீடர் பழகி நிலைநாட்டினார். மான்செஸ்டர் நகருக்குக் கப்பல் செல்ல 36 மைல் நீளக் கால்வாய் வெட்டப்பட்டபோது, 1888இல் அப்பணியின் தலைமை ரண வைத்தியராக ஜோன்ஸ் அமர்ந்தார். கால்வாய் நெடுகிலும் முதலுதவி நிலையங்களும் மூன்று மருத்துவமனைகளும் அமைந்தன. வேலைக்காகப் போடப்பட்ட இருப்புப் பாதை வழியே காயமுற்றோர் விரைந்து கொண்டுசெல்லப்பட்டனர். இரயில் ஊழியராகிய நாம் இதனை எண்ணி மகிழலாம்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. தொடையெலும்பு உடலிலேயே நீளமும் வலிமையும் மிக்கது. அது முறிந்தால் சுற்றியுள்ள பெருந்தசைகள் சுருங்கி, முறிந்த முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழுக்கும். கூரிய முனைகள் தசையையும் குருதிக் குழாய்களையும் கிழிக்கும். தூக்கிச் செல்லும் ஒவ்வோர் அசைவிலும் இரத்தம் உள்ளே பெருகும். துப்பாக்கியையும் தடியையும் வைத்துக் கட்டிக் கரடுமுரடான வழியில் கொண்டுவரப்பட்ட வீரர் பலர் வழியிலேயே மாண்டனர். போரின் தொடக்கத்தில் துப்பாக்கிக் காயத்தோடு தொடை முறிந்தவருள் நூற்றுக்கு எண்பது பேர் இறந்ததாக மதிப்பிட்டுள்ளனர். அந்நிலையில் ஜோன்ஸ் தம் குருவின் பழைய சிம்பை எடுத்துக் கொடுத்தார். தூக்குக் கட்டில் சுமப்போர் இருட்டிலும் அதனைப் பொருத்தும்படி கண்ணைக் கட்டிக்கொண்டு பழகினர். 1917இல் அராஸ் போரில் இவ்வாறு சிகிச்சை பெற்ற 1,009 பேருள் இறந்தவர் நூற்றுக்குப் பதினாறுக்கும் குறைவு. விரைவான ரணசிகிச்சை முதலிய சீர்திருத்தங்களும் இதற்குத் துணைநின்றன என்பது உண்மையே. ஆயினும் முதற்படி அச்சிம்பே. தாமஸ் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பின், அவரை ஏற்காத மருத்துவ உலகமே அவர் பெயரைப் போர்முனையெங்கும் சொல்லியது.

இன்று தொடையெலும்பு முறிந்தால் உலோகத் தண்டை எலும்பினுள்ளே செலுத்தி நிறுத்துகின்றனர். சில நாட்களில் நோயாளி எழுந்து நிற்கிறார். எனினும் சிகிச்சைக்கு முன் காலை நிலைநிறுத்தத் தாமஸ் சிம்பு இன்றும் பயன்படுகிறது. இடுப்பு மூட்டின் குறையைக் கண்டறிய அவர் வகுத்த சோதனையை மருத்துவ மாணவர்கள் இன்றும் பயில்கின்றனர்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? பரம்பரைக் கைத்திறனை இகழ்வதும் தவறு; அது ஒன்றே போதும் எனக் கல்வியையும் சோதனையையும் ஒதுக்குவதும் தவறு. இரண்டும் ஒரு கையில் சேர்ந்தபோதுதான் தாமஸ் தோன்றினார். நம்மவர் ஒருவர் கால் முறிந்து விழுந்தால் பதற்றத்தில் தூக்கி நிறுத்தலாகாது, உருவிவிடலாகாது. இருந்த நிலையிலேயே பலகையோ மூங்கிற் பத்தையோ அணைத்துக் கட்டி அசையாமற் செய்து, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். யார் போட்ட கட்டாயினும் விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, வெளிறிக் குளிர்ந்தாலோ, மரத்தாலோ, வலி மேன்மேலும் மிகுந்தாலோ அக்கட்டை உடனே தளர்த்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரத்த ஓட்டம் நின்ற கால் பின்னர் மீளாது.

ஏழைத் தொழிலாளியின் காலும் காக்கத்தக்கதே என்று ஒரு மனிதர் பிடிவாதமாய் நம்பினார். அந்நம்பிக்கையால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு அணையாமல் எரிந்தது. அவர் புகழ் வாழ்க!