நந்தனுக்குக் குரல் கொடுத்த பாரதியார்

பாரதியார் என்றதும் எட்டயபுரத்து மகாகவியே நம் நினைவுக்கு வருகிறார். அவர் பிறப்பதற்கு முன்பே தமிழகத்தில் இன்னொரு பாரதியார் புகழுடன் விளங்கினார். மேடை ஏறி முழங்காமல், யாரையும் ஏசாமல், பாட்டினாலேயே ஊரின் அநீதியை ஊரார் முன் நிறுத்தியவர் அவர். அவர்தாம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார்.

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணம் என்னும் சிற்றூரில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தணர் குலத்தில் அவர் பிறந்தார். பின்னர் முடிகொண்டானிலும், மாயவரத்துக்கு அருகிலுள்ள ஆனந்ததாண்டவபுரத்திலும் வாழ்ந்தார். திருவிடைமருதூரில் ராமதாஸ் என்பவரிடம் இந்துஸ்தானி இசை பயின்றார். திருவையாறு சென்று தியாகராஜ சுவாமிகளையும் தரிசித்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தில்லை நடராசரிடம் கொண்ட பக்தியும் சங்கீதமுமே அவருடைய செல்வங்கள்.

அன்றைய தஞ்சைச் சீமை செழிப்பான நாடு. ஆனால் அந்த வயல்களில் உழுது, நட்டு, அறுத்த பண்ணையாட்களின் நிலையோ இரங்கத்தக்கது. அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று 1843-ஆம் ஆண்டிலேயே அரசு அறிவித்தது. ஆயினும் கடனும் ஊர் வழக்கமும் அவர்களை எசமானரின் பண்ணையோடு கட்டிப் போட்டிருந்தன. தீண்டாமையின் பெயரால் கோயில் வாசலும் அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. இவற்றையெல்லாம் பார்த்து வளர்ந்த பாரதியார், தாம் பாடுவதற்கு நந்தனாரின் கதையைத் தேர்ந்தெடுத்தார்.

நந்தனாரின் வரலாற்றை 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியுள்ளார். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்து வந்தவர் நந்தனார். அவர் கொடுத்த தோலும் நரம்பும் கோயிலுக்குள் இசைத்தன. அவரோ வெளியே நின்றார்! இந்தக் கதையில் பாரதியார் ஒரு புதிய பாத்திரத்தைச் சேர்த்தார். பெரியபுராணத்தில் இல்லாத அந்தப் பாத்திரம், நந்தனாரின் எசமானராகிய வேதியர். சிதம்பரம் செல்ல உத்தரவு கேட்டுக் கெஞ்சுகிறார் நந்தனார். வேதியர் சீறி விழுகிறார். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்று நிபந்தனை விதிக்கிறார். இறைவன் அருளால் அவ்வளவு வேலையும் ஒரே இரவில் முடிந்துவிடுகிறது. அதைக் கண்ட எசமானர், தம் பண்ணையாளின் காலில் விழுந்து வணங்குகிறார்.

இதைப் பாடியவர் யார் என்பதை நாம் மறக்கக் கூடாது. அவரும் வேதியர் குலத்தவரே. அவரை ஆதரித்தவர்களும் நிலபுலன் உடையவர்களே. தம்மவர் செய்யும் கொடுமையைத் தம்மவர் நடுவிலேயே அவர் பாடினார். நேருக்கு நேர் சொல்லியிருந்தால் கோபித்து எழுந்து போயிருப்பார்கள். ராகத்தோடும் தாளத்தோடும் வந்தபோதோ, எசமானர்களும் அமர்ந்து கேட்டார்கள். நந்தனாருக்காகக் கண்ணீர் விட்டார்கள். உயர்ந்த ராகங்களோடு நொண்டிச்சிந்து முதலிய எளிய மெட்டுகளையும், பேச்சு வழக்குச் சொற்களையும் அவர் கையாண்டதால், படிப்பறியாதவருக்கும் அப்பாடல்கள் விளங்கின.

பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு இந்த நூலில் உள்ள இலக்கணப் பிழைகள் உறுத்தின. சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார். பாரதியார் பலமுறை நடந்தார். ஒரு நாள் புலவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அந்தக் கீர்த்தனைகளைப் பாடினார். உள்ளே இருந்து கேட்ட புலவரின் மனம் உருகிற்று, பாயிரமும் கிடைத்தது. இச்செய்தியை நமக்குச் சொல்பவர், இளமையில் பாரதியாரிடம் சில காலம் இசை பயின்ற டாக்டர் உ.வே. சாமிநாதையர். காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரியாக இருந்த சிசே என்பவரும் இந்தக் கதையில் ஈடுபட்டு, 1860-களின் தொடக்கத்தில் அது அச்சேற உதவினார்.

கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் பாரதியாரின் நண்பர். மாயூரத்தில் முன்சீபாக இருந்த பிள்ளையவர்கள், 1876-78 பெரும் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளின் பசி தீர்த்தார். அவரைப் போற்றிப் பாரதியார் ஒரு கீர்த்தனை பாடினார். மதம் இருவரையும் பிரிக்கவில்லை. ஏழையிடம் கொண்ட இரக்கம் இருவரையும் இணைத்தது. 

ஆனால் ஒரு கேள்வி நம் மனத்தை விட்டு அகலவில்லை. கதையின் முடிவில், நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த பிறகே தில்லைக் கோயிலுக்குள் செல்கிறார். பழைய கதையின் இந்த முடிவைப் பாரதியாரும் மாற்றவில்லை. மாசற்ற அந்த மனிதருக்கு எதற்குத் தீ? எரிக்கப்பட வேண்டியது அவரை வெளியே நிறுத்திய வழக்கம் அல்லவா?

பாட்டுக்கு உருகியவர் எல்லோரும் மனம் மாறிவிடவும் இல்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயில் கதவு எல்லோருக்கும் திறக்க 1939-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாரதியார் பிறந்த அதே நாகப்பட்டினம் வட்டாரத்தில், கீழ்வெண்மணியில், 1968-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறந்த நாளின் இரவில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டனர். அவர்களில் பலர் பெண்களும் குழந்தைகளும்.

அப்படியானால் பாட்டினால் பயனில்லையா? உண்டு. சட்டம் எட்டாத வீட்டுக்குள்ளும் பாட்டு நுழைகிறது. ஊமையாக்கப்பட்டவரின் குரலை எசமானரின் செவியில் சேர்க்கிறது. ஆனால் கேள்வி கேட்பதோடு அதன் வேலை முடிகிறது. பதில் சொல்ல வேண்டியவர் கேட்பவரே.

அன்புத் தோழியரே! நான் உள்ளே வரலாமா என்று நந்தனார் தயங்கி நின்று கேட்கும் பாடல் இன்றும் கச்சேரிகளில் ஒலிக்கிறது. அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு எழுந்து போகலாகாது. நம் வகுப்பிலும், வீட்டிலும், தெருவிலும் வாசலுக்கு வெளியே நிற்பவர் யாரென்று பார்ப்போம். அவரை அன்போடு உள்ளே அழைப்போம். அதுவே பாரதியாரின் பாட்டுக்கு நாம் தரும் பதிலாகும்.