சதுரங்கப்பட்டினத்தில் கிட்டாத சமாதானம்

நம் மறைமாவட்டத்தின் கடற்கரையில், கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக்காரர் கட்டிய பழைய கோட்டை ஒன்று நிற்கிறது. 1754ஆம் ஆண்டு ஜனவரி மாதம், தென்னிந்தியாவில் போரிட்டுக் களைத்த பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அங்கேதான் சமாதானம் பேச அமர்ந்தார்கள். ஊர் டச்சுக்காரருடையது என்பதால் இரு தரப்புக்கும் பொதுவான இடமாக இருந்தது. பிரெஞ்சுத் தூதர் மூவருள் ஒருவர், இந்தியாவிலிருந்த பிரெஞ்சு இயேசு சபையினரின் தலைவரான அருட்தந்தை லவோர். ஆங்கிலேயத் தூதர் இருவருள் ஒருவரான இராபர்ட் பால்க், ஆங்கிலிக்கன் குருவாக இந்நாட்டுக்கு வந்து பின்னர் கம்பெனி அலுவலுக்கு மாறியவர். பாக் நீரிணைக்கு அவர் பெயர்தான்.

அருட்தந்தை லவோரை அனுப்பி வைத்தவர் புதுச்சேரி ஆளுநர் டூப்ளே. அவருடைய வாழ்க்கையை நாம் பெரும்பாலும் பள்ளிப் பாடத்தோடு மறந்துவிடுகிறோம்.

ஜோசப் பிரான்சுவா டூப்ளே 1697இல் பிரான்சின் லாந்த்ரெசி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களுள் ஒருவர். 1722இல் புதுச்சேரிக்கு வந்த டூப்ளே, பின்பு வங்காளத்துச் சந்திரநாகூரில் பத்தாண்டுகள் வணிகத்தை நன்கு வளர்த்தார். 1741இல் அங்கே ழான் அல்பேர் என்னும் கைம்பெண்ணை மணந்தார். புதுச்சேரியில் பிறந்த இவர் பல பிள்ளைகளின் தாய், தமிழ் அறிந்தவர். அடுத்த ஆண்டே டூப்ளே புதுச்சேரி ஆளுநரானார்.

ஆஸ்திரிய அரியணை யாருக்கு என்று ஐரோப்பாவில் மூண்ட சண்டையில் 1744இல் பிரான்சும் இங்கிலாந்தும் நேருக்கு நேர் மோதின. நம் கடற்கரையில் வலை வீசியவருக்கும் தறி நெய்தவருக்கும் அந்த அரியணையால் ஆகப்போவது ஒன்றுமில்லை. இங்கேயாவது சண்டை வேண்டாம் என்று முதலில் சென்னைக்குச் சொல்லியனுப்பியவர் டூப்ளேதான். இதை அவருக்கு ஆதரவாக நாம் சொல்லத்தான் வேண்டும். அது பலிக்கவில்லை. 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. பணம் பெற்றுக்கொண்டு நகரைத் திருப்பித் தருவதாகக் கடற்படைத் தலைவர் லபூர்தொனே கொடுத்த வாக்கை டூப்ளே ஏற்காமல் தள்ளினார்.

1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது அவர் நகரைக் காத்தார். அந்த நாள்களில்தான் நம் ஆலயத்தை அடுத்திருந்த வேதபுரீஸ்வரர் கோவில் அவர் ஆணையால் இடிக்கப்பட்டது. அதை விரும்பியவர்களில் நம் குருக்களும் இருந்தார்கள். இதை மறைத்துவிட்டு நாம் அடுத்ததைப் பேச முடியாது.

அந்த ஆண்டு அக்டோபரில் ஏ-லா-ஷபேல் நகரில் ஐரோப்பிய அரசர்கள் சமாதானம் செய்துகொண்டார்கள். கனடாவிலிருந்த லூயிபூர் கோட்டையை இங்கிலாந்து பிரான்சுக்குத் திருப்பித் தந்தது; பதிலுக்குச் சென்னை ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. சென்னையில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. 1749இல் திரும்பி வந்த ஆங்கிலேயர், கத்தோலிக்கர் பிரெஞ்சுக்காரருக்குத் துணைபோனவர்கள் என்று சந்தேகப்பட்டனர். கோட்டைக்குள் இருந்த கப்புச்சின் துறவியரின் ஆலயம் இடிக்கப்பட்டது. வேப்பேரியில் இருந்த ஆலயம் பிராட்டஸ்டண்டு மிஷனரிகளிடம் கொடுக்கப்பட்டது. புதுச்சேரியில் நம்மவர் பிறருக்குச் செய்தது, சென்னையில் நமக்கே நேர்ந்தது.

அரசர்கள் சமாதானமானாலும் கம்பெனிகள் ஓயவில்லை. டூப்ளே சந்தா சாகிபை ஆற்காட்டு நவாபாக்க முயன்றார். ஆங்கிலேயர் முகமது அலியை ஆதரித்தனர். அவர்கள் பெயரில் இவர்கள் சண்டையிட்டார்கள். இன்று நாம் கார்மேல் அன்னையை நாடிச் செல்லும் கோவளத்திலும் அப்போது ஒரு கோட்டை இருந்தது. 1750இல் அங்கே நங்கூரமிட்ட பிரெஞ்சுக் கப்பல் ஒன்று, தன் மாலுமிகள் நோயால் மடிகிறார்கள், கரையில் இடம் வேண்டும் என்று கெஞ்சியதாம். இரக்கப்பட்டுக் கோட்டைக்குள் சேர்த்துக்கொண்டவர்களையே இரவில் தாக்கி, அந்த நோயாளிகள் கோட்டையைப் பிடித்தார்கள் என்று ஆங்கில வரலாற்றாசிரியர் ஓர்ம் எழுதியுள்ளார். எதிரி எழுதியது என்றாலும், நோயாளிக்குக் காட்டிய இரக்கம் இப்படி முடிந்ததே என்று படிக்கும்போது மனம் கசக்கிறது. 1752இல் கிளைவ் கோவளத்தையும், தொடர்ந்து செங்கல்பட்டுக் கோட்டையையும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பறித்தார். அதே ஆண்டு சந்தா சாகிப் தலை வெட்டப்பட்டு மாண்டார்.

இந்த நிலையில்தான் சதுரங்கப்பட்டினப் பேச்சு நடந்தது. முகமது அலியே நவாப் என்று ஏற்றால்தான் மேலே பேசலாம் என்றனர் ஆங்கிலேயர். தக்காணத்தின் அதிபதி சலாபத் ஜங், கர்நாடகத்தின் அதிகாரம் டூப்ளேக்கே என்றனர் பிரெஞ்சுத் தூதர்கள். முகலாயப் பேரரசரின் சாசனம் என்று ஒன்றைக் காட்டினார்கள். முத்திரையைப் பார்த்த ஆங்கிலேயர் அது போலி என்று ஐயுற்றார்கள். படியெடுக்கத் தொடங்கியதும் பிரெஞ்சுத் தரப்பு பத்திரங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டது. சில நாள்களில் கூட்டம் கலைந்தது. இரு பக்கமும் நற்செய்தி அறிந்த ஒருவர் இருந்தும், பேச்சு முழுவதும் பட்டங்களைப் பற்றியே. எரிந்த ஊர்களையும் தரிசாய்க் கிடந்த வயல்களையும் பற்றிப் பேச அங்கே யாரும் அனுப்பப்படவில்லை.

பாரிசில் இருந்தவர்களுக்குப் போர்ச்செலவு அலுத்துவிட்டது. ஆகஸ்டில் கோதெ என்பவர் வந்து பொறுப்பை வாங்கிக்கொண்டார். அக்டோபரில் டூப்ளே கப்பலேறினார். இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை. கோதெ ஆங்கிலேயரோடு செய்த உடன்பாடும் நீடிக்கவில்லை. 1756இல் ஐரோப்பாவில் மீண்டும் போர் மூண்டது. 1761இல் புதுச்சேரி வீழ்ந்தபோது ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கினார்கள். நம் சம்பா கோவிலும் அதில் போயிற்று.

1756இல் மனைவியை இழந்த டூப்ளே, போருக்குத் தன் கைப்பணத்தைச் செலவிட்டதாகச் சொல்லி, அதைத் திருப்பித் தருமாறு கம்பெனியிடம் கடைசிவரை வழக்காடினார். பணம் வரவில்லை. 1763 பிப்ரவரியில் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. முகமது அலி கர்நாடக நவாப், சலாபத் ஜங் தக்காண அதிபதி என்று இரண்டையும் அது ஒரே விதியில் எழுதிவிட்டது. சதுரங்கப்பட்டினத்தில் முடியாமற்போனது அந்த ஒரு வரிதான். அதற்குள் சலாபத் ஜங்கை அவருடைய தம்பி பதவியிலிருந்து இறக்கியிருந்தார். அந்த நவம்பரில் டூப்ளே பாரிசில் வறுமையில் இறந்தார். அதே 1763இல் நவாப் முகமது அலி, செங்கல்பட்டுச் சீமையை ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார்.