பனித்தளம் கண்ட வீராங்கனை

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

நம்மில் பெரும்பாலோர் பனிக்கட்டியைக் கண்டது மீன் பெட்டியிலும் சர்பத் கடையிலும்தான். அதன்மேல் நின்று பழகியவர் நம் கல்லூரியில் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் குளிர்நாடுகளில் காலணியின் அடியில் எஃகுத் தகட்டைப் பொருத்திக்கொண்டு, உறைந்த ஏரிகளின்மேல் சறுக்கி விளையாடுவது நெடுநாளைய வழக்கம். ஸ்கேட்டிங் எனப்படும் அவ்விளையாட்டு நாளடைவில் கலையாயிற்று. பிறகு பரிசும் பதக்கமும் கொண்ட போட்டியுமாயிற்று. அப்போட்டியில் ஆடவர் நடுவே தன்னந்தனியாக இறங்கிய மேட்ஜ் சையர்ஸ் அம்மையாரைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

அவர் 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் லண்டன் மாநகரின் கென்சிங்டன் பகுதியில் பிறந்தார். தந்தையார் கட்டடங்கள் கட்டும் தொழில் செய்தவர். வீட்டில் 15 பிள்ளைகள். இளமையிலேயே நீச்சலிலும் குதிரையேற்றத்திலும் தேர்ந்தவர். 1899இல் எட்கர் சையர்ஸ் என்ற ஸ்கேட்டிங் வீரரைச் சந்தித்தார். மறு ஆண்டு இருவரும் மணம் புரிந்துகொண்டனர்.

அந்நாளைய ஆங்கிலேயர் உடலை விறைப்பாக நிமிர்த்தி, கைகளைப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு சறுக்குவதையே நாகரிகம் என்று கருதினர். எட்கர் அதை ஏற்கவில்லை. வியன்னா நகரில் வளர்ந்த, உடலையும் கையையும் தாராளமாக அசைத்து ஆடும் பாணியை மனைவிக்குக் கற்பித்தார். இது சிறிய செய்தி போலத் தோன்றலாம். ஆனால் உலகப் போட்டிகள் இந்தப் புதிய பாணியில்தான் நடைபெற்றன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இனி 1902ஆம் ஆண்டுக்கு வருவோம். அனைத்துலக ஸ்கேட்டிங் சங்கம் 1892இல் அமைக்கப்பட்டது. அதன் உலகப் போட்டி 1896இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் தொடங்கியது. 1902இல் அப்போட்டி லண்டனுக்கு வந்தபோது மேட்ஜ் தம் பெயரைக் கொடுத்தார். அதிகாரிகள் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தனர். பெண்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று அதில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை! பெண் ஒருத்தி வந்து நிற்பாள் என்று யாரும் எண்ணிப் பார்க்காததால், தடுப்பதற்கு ஒரு வரியும் இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரின் பட்டம் என்ற கட்டத்தில் கோடு கிழித்தபோது, இப்படிவத்தை அமைத்தவர் என்னை நினைத்து அமைக்கவில்லை போலும் என்று தோன்றியது. ஆகவே அந்த விதிப் புத்தகக் காட்சியை நான் சற்றுக் கூடுதலாகவே ரசித்தேன்.

போட்டியிட்டவர் நால்வர். முதலிடம் பெற்றவர் சுவீடன் நாட்டு உல்ரிக் சால்கோ. வாழ்நாளில் பத்துமுறை உலகப் பட்டம் வென்றவர் அவர். ஒரு தாவலே இன்றுவரை அவர் பெயரால் வழங்குகிறது. இரண்டாமிடம் மேட்ஜுக்கு! ஜெர்மனி நாட்டு வீரரும், இங்கிலாந்தைச் சேர்ந்த மற்றொருவரும் அவருக்குப் பின்னால் நின்றனர். சால்கோ தம் தங்கப் பதக்கத்தை அவரிடமே நீட்டினார் என்று ஒரு கதை வழங்குகிறது. அது நடந்ததோ இல்லையோ, அடுத்து நடந்தது மட்டும் உறுதி. 1903இல் கூடிய சங்கத்தின் பேரவை, பெண்கள் இனிக் கலந்துகொள்ளலாகாது என்று விதி செய்துவிட்டது.

அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் மூன்று. நீண்ட பாவாடை கால்களை மறைத்துவிடுகிறது என்பது ஒன்று. நடுவர் தமக்கு வேண்டிய பெண்ணுக்கே மதிப்பெண் அளித்துவிடக்கூடும் என்பது மற்றொன்று. ஆணையும் பெண்ணையும் ஒப்பிடுவது கடினம் என்பது மூன்றாவது. இரண்டாவது காரணம் நடுவரின் குற்றமேயன்றிப் பெண்ணின் குற்றமாகாது. அதற்கு நடுவரைத்தானே விலக்க வேண்டும்?

முதற்காரணத்தை ஆராயச் சற்று இயற்பியல் வேண்டும். ஸ்கேட்டிங் தகட்டின் அடிப்பாகம் நீளவாக்கில் சற்றுக் குழிந்திருக்கும். ஆகவே அதற்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரு விளிம்புகள். உடலை ஒரு பக்கம் சாய்த்தால் அப்பக்கத்து விளிம்பு மட்டும் பனியில் பதிந்து, பாதை வளைந்து வட்டமாகும். அந்நாளில் போட்டியின் பெரும்பகுதி, இவ்வாறு விதித்த வடிவங்களைப் பனியில் வரைவதுதான். எட்டு என்ற எண்ணைப் போல் இரு வட்டங்கள் வரைய வேண்டும். பிறகு அதே கோட்டின்மேல் பிசகாமல் மறுபடியும் மறுபடியும் செல்ல வேண்டும். வரைந்து முடித்தபின் நடுவர்கள் தளத்தில் இறங்கி, குனிந்து கோட்டைப் பார்ப்பார்கள். வட்டம் கோணலா, விளிம்பு மாறியதா என்பதைப் பனியே சொல்லிவிடும். நம் தேர்வுத்தாளைத் திருத்துபவருக்கு எண் மட்டுமே தெரியும், பெயர் தெரியாது. பனியில் விழுந்த கோடும் அத்தகையதே. பாவாடை காலை மறைக்கலாம், கோட்டை மறைக்குமா? ஒப்பிடுவதும் கடினமாக இருந்ததாகத் தெரியவில்லை. 1902இல் ஒப்பிட்டுத்தானே இரண்டாமிடம் அளித்தார்கள்!

மேட்ஜ் வாதாடிக்கொண்டிருக்கவில்லை, தளத்தில் இறங்கினார். இங்கிலாந்தின் தேசியப் போட்டி ஆண், பெண் இருபாலாருக்கும் திறந்திருந்தது. 1903இல் நடந்த முதற்போட்டியில் அவரே வென்றார். 1904இல் மீண்டும் வென்றார். அம்முறை அவரிடம் தோற்றவர் வேறு யாருமல்லர், கற்பித்த கணவரே! அன்று மாலை அவ்வீட்டில் என்ன பேச்சு நடந்ததோ, அறியோம். பிற்காலப் படங்களில் அவர் பாவாடை காலணி முழுதும் தெரியும் அளவுக்குக் குறுகியிருக்கிறது.

1905இல் சங்கம் இறங்கிவந்து, பெண்களுக்கெனத் தனிப் போட்டி ஒன்றை ஏற்படுத்தியது. அதற்கு உலகப் போட்டி என்ற பெயரை மட்டும் தரவில்லை. சங்கத்தின் போட்டி என்றே அழைத்தார்கள். உலகப் பட்டம் என்ற தகுதி பல ஆண்டுகள் கழித்தே கிட்டியது. 1906இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் ஐவர் போட்டியிட, முதல்வர் மேட்ஜ். 1907இல் வியன்னாவிலும் அவரே. வழி திறந்தது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் ஆடவரோடு ஒரே பட்டியலில் நின்ற பெயர், இனி வேறு பட்டியலுக்குப் போய்விட்டது. இதை வெற்றி என்று மட்டும் எழுத என் பேனா சற்றுத் தயங்குகிறது.

1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஸ்கேட்டிங் முதன்முதலாக இடம்பெற்றது. குளிர்கால ஒலிம்பிக் அப்போது இல்லை. அக்டோபர் மாதத்தில், நைட்ஸ்பிரிட்ஜ் பகுதியிலிருந்த செயற்கைப் பனித்தளத்தில் போட்டி நடந்தது. அந்த ஒலிம்பிக்கில் பங்கேற்ற ஏறத்தாழ 2,000 பேரில் பெண்கள் 37 பேரே. பெண்கள் பிரிவில் நடுவர் ஐவரும் மேட்ஜையே முதலிடத்தில் வைத்தனர். கணவருடன் இணைந்து இணையர் பிரிவில் வெண்கலமும் பெற்றார். அப்பிரிவில் வந்திருந்தவை மூன்றே இணைகள் என்பதையும் உண்மை கருதிச் சொல்லிவிடுகிறேன்.

அதன்பின் உடல்நலம் இடம் தரவில்லை, போட்டிகளிலிருந்து விலகினார். கணவரும் அவருமாக ஸ்கேட்டிங் கலையைப் பற்றி எழுதிய நூல் 1913இல் வெளிவந்தது. 1917 செப்டம்பர் 9ஆம் நாள் இதய நோயால் மறைந்தார். 36ஆவது பிறந்த நாளுக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது.

1981இல் ஸ்கேட்டிங் உலகின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தனர். வடிவம் வரையும் பகுதி உலகப் போட்டியில் 1990ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. இப்போது தாவலும் சுழலும்தான்; நடுவர்கள் தளத்தில் இறங்கிக் குனிந்து பார்ப்பதில்லை.