லார்விக்கின் ஓடாவி

ஒஸ்லோ பிக்டோயில் உள்ள ஃப்ராம் அருங்காட்சியகத்துக்கு ட்வெய்ட்டாப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தோடு போய்வருவது வழக்கம். வீட்டுக்கு வந்ததும் நன்சன், அமுண்ட்சன் என்று பெயர்களை அடுக்குவார்கள். மூன்று ஆண்டுகள் பனிக்குள் அகப்பட்டிருந்தும் நொறுங்காத கப்பலைப் பற்றி வாயோயாமல் சொல்வார்கள். அதைக் கட்டியவர் யார் என்ற கேள்வி மட்டும் எங்கள் வீடுகளில் அநேகமாக எழுவதில்லை. அவர் பெயர் கொலின் ஆர்ச்சர். லார்விக் நகரத்து ஓடாவி.

துருவப் பயணங்களுக்காக மட்டும் அவரை நாங்கள் இங்கே நினைக்கவில்லை. ஒரு குடும்பம் சமையல் பாத்திரத்தோடும் கைக்குழந்தையோடும் பாய்மரப் படகில் ஏறி, தீவுகளுக்கு நடுவே இரண்டு மூன்று நாள் கழித்துவிட்டு வருவது நோர்வேயில் மிகச் சாதாரணமான காரியம். அந்த நிம்மதிக்குப் பின்னால் இருப்பவர்களில் முக்கியமானவர் இவர்.

எங்களில் பலருக்குக் கடல் வேறு விதமானது. அது பிழைப்புக்குப் போன இடம், தப்பி ஓடிய வழி, ஆட்களைப் பறிகொடுத்த இடம். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் நடந்ததை நெடுந்தீவுக்காரர் மட்டுமா மறக்கவில்லை? கடற்படை வகுத்த எல்லையும் நேரமும் பார்த்துத் தொழிலுக்குப் போனவர்கள், 2004 ஆழிப்பேரலையில் வீடு வாசலோடு இழந்தவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அதனால்தான் பிள்ளை பள்ளியில் நீச்சல் பழகி, நண்பனின் படகில் போகட்டுமா என்று கேட்கும்போது வீடு ஒருகணம் அமைதியாகி விடுகிறது.

ஆர்ச்சரும் ஒரு குடியேறிய குடும்பத்துப் பிள்ளைதான். தகப்பன் வில்லியம் ஆர்ச்சர் ஸ்கொட்லாந்தின் ஃபைஃப் பகுதியில், டே ஆற்றங்கரையில் உள்ள நியூபர்க் ஊர்க்காரர். மர வியாபாரம் செய்தவர். 1825 இல் குடும்பத்தோடு லார்விக் வந்து, துறைமுக வாயிலில் தோல்டெரொட்டன் என்ற இடத்தில் குடியிருந்தார். மொத்தம் 13 பிள்ளைகள். கொலின் 12 ஆவது, பிறந்தது 1832 யூலை 22. வீட்டுக்குள் ஆங்கிலம், படலையைத் தாண்டினால் நோர்வேஜியம். அந்த வளர்ப்பு எப்படி என்று எங்களுக்கு விளக்கம் தேவையில்லை.

பெரிய குடும்பம், சின்ன ஊர். ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவராக அவுஸ்திரேலியா போனார்கள். கொலினும் இளவயதில் புறப்பட்டு, தங்கம் தேடிப் பலர் ஓடிய கலிபோர்னியாவையும் பார்த்துவிட்டு, 1850களில் குயின்ஸ்லாந்தில் சகோதரர்களோடு சேர்ந்தார். ரொக்ஹாம்ப்டனுக்குப் பக்கத்தில் அவர்கள் அமைத்த கிரேஸ்மியர் பண்ணைக்கு வேண்டிய பொருட்களை 1855 இல் எலிடா என்ற சிறு பாய்க்கப்பலில் ஏற்றி, ஃபிட்ஸ்ரோய் ஆற்றின் வழியே கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். அந்த நிலம் வெறும் நிலம் அல்ல, தரும்பல் மக்களின் தாய்நிலம். நிலம் பறிபோன கதையைச் சுமந்து வந்த நாங்கள் இதைச் சொல்லாமல் கடந்துபோவது சரியாக இராது.

1861 இல், முப்பது வயதை நெருங்கும்போது, கொலின் லார்விக் திரும்பினார். அங்கேயே இருந்துவிட்டார். குடும்பத்தின் மற்றக் கிளைகள் உலகமெங்கும் பரவின. அண்ணன் தோமஸின் மகன் வில்லியம் ஆர்ச்சர் சிறுவயதில் லார்விக்கில் இருந்து பழகிய நோர்வேஜியத்தை வைத்துத்தான் பின்னாளில் இப்சனின் நாடகங்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். பேரப்பிள்ளைகளின் தாய்மொழியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு இந்தச் செய்தி பிடிக்கும்.

அக்காலத்து நோர்வேப் படகுகள் கண்ணளவிலும் கைப்பழக்கத்திலும் கட்டப்பட்டவை. வரைபடம் கிடையாது. வல்வெட்டித்துறையின் பழைய ஓடாவிகளும் அப்படித்தான் கட்டினார்கள். அங்கே கட்டிய அன்னபூரணி 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது, ஆகவே கண்ணளவைக் குறைத்துப் பேச நாங்கள் வரவில்லை. ஆர்ச்சர் வேறு வழியில் போனார். புத்தகங்களை வைத்துத் தானே கணக்குப் படித்தார். முதலில் காகிதத்தில் படகைக் கட்டினார். தண்ணீருக்குள் அமிழும் பாகம் அணியத்திலிருந்து பின்புறம் வரை எப்படிப் பெருத்துச் சிறுக்க வேண்டும் என்பதை அலையின் வடிவத்திலிருந்தே எடுக்கலாம் என்று ஒரு கோட்பாடு வைத்திருந்தார். 1870களின் பிற்பகுதியில் இலண்டனில் கப்பற் பொறியியலாளர்களின் சங்கத்துக்கும் அதை எழுதிக் கொடுத்தார். அந்தக் கோட்பாடு பின்னாளைய விஞ்ஞானத்தில் நிலைக்கவில்லை. படகுகள் நிலைத்தன.

அவர் முதலில் பார்த்தது வழிகாட்டிகளின் சாவை. நோர்வேக் கரை முழுக்கப் பாறைத் தீவுகள். வெளியூர்க் கப்பல் உள்ளே வரவேண்டுமானால் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் ஏற வேண்டும். முதலில் போய்ச் சேருகிறவருக்கே கூலி. ஆகவே எந்தக் காற்றிலும் முண்டியடித்து வெளியே போவார்கள், சிலர் திரும்பமாட்டார்கள். அவர்களுடைய படகுகளில் தளம் முழுதாக மூடப்பட்டிருக்காது. பாரத்துக்கு உள்ளே போட்டிருக்கும் கல் பெரிய அலையில் ஒருபக்கமாக உருண்டால் கதை முடிந்தது. ஆர்ச்சர் பலகைகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றாமல் விளிம்போடு விளிம்பு சேர்த்து வழுவழுப்பாக வைத்தார். தளத்தை மூடினார். பாரத்தை இரும்பாக வார்த்துப் படகின் அடிமரத்திலேயே பூட்டினார். முன்னும் பின்னும் கூரான பழைய நோர்வே உருவத்தை மட்டும் கைவிடவில்லை, ஏனென்றால் பின்னாலிருந்து துரத்தி வரும் அலை அந்தக் கூரில் பிளந்து போகும். வேகத்துக்குப் பேர்போன படகுகள் அல்ல இவை. ஆனால் சாய்ந்தால் நிமிரும்.

அடுத்தது மீனவர்கள். வைத்தியர் ஒஸ்கார் தீப்ரிங் போன்றவர்கள் ஊரூராகப் பேசித் திரிந்ததன் பலனாக 1891 இல் கடல் மீட்புச் சங்கம் உருவானது. இன்று கோடையில் படகு பழுதாகி நின்றால் நாங்கள் கூப்பிடும் ரெட்னிங்ஸ்செல்ஸ்காப்பெ அதுதான். பிரித்தானியாவில் மீட்புப் படகு கரையில் காத்திருக்கும், ஆபத்து என்று தெரிந்ததும் கடலில் இறக்குவார்கள். நோர்வேயின் நீளமான, ஆளில்லாத கரைக்கு அது சரிவராது. இங்கே மீட்புப் படகு மீனவர்களோடு கூடவே கடலில் கிடக்க வேண்டும், பனிக்காலம் முழுவதும், இயந்திரம் இல்லாமல். அதற்கென்று ஆர்ச்சர் உருவாக்கிய படகுக்கு 1893 இல் அவர் பெயரையே வைத்தார்கள். நீளம் 14 மீற்றருக்குச் சற்றுக் கூட.

அடுத்த ஆண்டு மே மாதம் வடகோடியில், ஹாம்னிங்பெர்க்கில், பெரும் புயல். கரைக்கு வரமுடியாமல் தத்தளித்த மீனவர்களை நிக்கொலாய் அந்தோனிசன் என்ற தலைவரும் அவருடைய ஆட்களும் இந்தப் படகில் போய் மீட்டு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் நாடு முழுவதும் இந்தப் படகுகளை நம்பியது. ஹாம்னிங்பெர்க் எங்கே என்று கேட்டால், வர்தோவுக்கும் போட்ஸ்ஃபியோர்டுக்கும் இடைப்பட்ட கரையில். எண்பதுகளில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் மீன் தொழிற்சாலைகளில் நின்று மீன் வெட்டிய பகுதி. அந்த மீனைக் கொண்டுவந்த மீனவர்களின் பாட்டன்மாரைக் கரைசேர்த்த படகுகள் இவை.

ஃப்ராம் இதே காலத்து வேலை. நன்சனின் யோசனையைப் பலர் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தார்கள்: கப்பலை வேண்டுமென்றே பனியில் உறையவிட்டு, பனி நகரும் திசையில் துருவத்தை நோக்கி மிதப்பது. ஆர்ச்சர் செய்தது, பனி பிடித்து நசுக்க முடியாதபடி அடிப்பாகத்தை உருண்டையாக வைத்தது. பனி நெருக்கும்போது கப்பல் மேலே எழும்பிவிடும். 39 மீற்றர் நீளம், 11 மீற்றர் அகலம், அரண்மனைச் சுவர் போலப் பக்கங்கள். 1892 ஒக்டோபர் 26 அன்று லார்விக்கில் கடலில் இறக்கினார்கள். 1893 செப்ரெம்பரில் உறைந்து, 1896 ஓகஸ்டில் முழுசாக வெளியே வந்தது. திறந்த கடலில் அது எக்கச்சக்கமாக உருளும் என்று அதில் போனவர்கள் நொந்துகொண்டதும் உண்மை. பனிக்காகக் கட்டியதிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? 1921 பெப்ரவரி 8 அன்று ஆர்ச்சர் லார்விக்கில் காலமானார். அதே ஆண்டில்தான் நன்சன் சர்வதேச சங்கத்தின் அகதிகளுக்கான உயர் ஆணையரானார். நாடற்றவர்களுக்கு அவர் பெயரில் கடவுச்சீட்டு வந்தது 1922 இல். எங்கள் பயணப் பத்திரங்களின் மூதாதை அது.

இனி நாங்கள் தொடங்கிய இடத்துக்கு வருவோம். வழிகாட்டிகளுக்கும் மீட்பவர்களுக்கும் கட்டிய அதே உருவத்தில் ஆர்ச்சர் உல்லாசப் படகுகளும் கட்டினார். அவற்றுள் ஒன்று 1905 இல் எர்ஸ்கின் சில்டர்ஸ் தம்பதிக்குத் திருமணப் பரிசாகக் கட்டிய அஸ்கார்ட். 1914 இல் அயர்லாந்தின் ஹோத் துறைமுகத்துக்கு ஆயுதம் கொண்டுபோனது அந்தப் படகுதான், இப்போது டப்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் 1890 இல் கட்டிய டெடி என்ற வழிகாட்டிப் படகை ஏர்லிங் தாம்ஸ் என்ற எழுத்தாளர் பிற்காலத்தில் எடுத்து, 1928 இல் மனைவியோடு ஒஸ்லோவிலிருந்து புறப்பட்டு, வழியில் பிள்ளையும் பிறந்து, நியூசிலாந்து வரை போனார். இந்தியாவுக்கும் இந்த உருவம் போயிருக்கிறது. மும்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய சுஹைலி என்ற படகில்தான் ரொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்டன் 1969 இல், தனியாக எங்கும் தரிக்காமல் உலகைச் சுற்றிய முதல் மனிதரானார். அதன் வரைபடம் ஆர்ச்சரின் மீட்புப் படகின் வழித்தோன்றல்.

இத்தனை தூரம் போகத் தேவையில்லை. இந்தப் படகுகளின் உண்மையான சுகம் அமைதியான கரைக்கடலில்தான் தெரியும். பாறைத் தீவுகளின் வரிசை வெளியே அலையை வாங்கிக்கொள்ளும், உள்ளே தண்ணீர் குளம்போல் கிடக்கும். ஒஸ்லோ ஃபியோர்டில் வற்றுப்பெருக்கு ஒரு அடியளவுதான். ஆர்ச்சரின் மூதாதையர் நாடான ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் இதைவிட ஆளரவம் குறைவு, ஒரு குடாவில் ஒரேயொரு படகு நங்கூரமிட்டுக் கிடக்கலாம். ஆனால் அங்கே நீரோட்டம் பொல்லாதது. யூராத் தீவின் வடக்கே கொரிவ்ரெக்கன் சுழியின் இரைச்சலே தனி. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு எங்கள் ஃபியோர்ட் நல்லது.

யூலையில் போனால் சந்தைக்குள் போனமாதிரி இருக்கும். ஓகஸ்ட் கடைசியில், பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகு வரும் சனி ஞாயிறுகளே எங்கள் தெரிவு. தண்ணீர் இன்னும் கோடைச் சூட்டோடு இருக்கும். நல்ல வெயில் நாளில் மத்தியானத்துக்குப் பிறகு தெற்கிலிருந்து காற்று எழும்பும், இங்கத்தையவர் அதைச் சூரியனோடு சுற்றும் காற்று என்ற பொருளில் அழைப்பார்கள். சோளகம் தெரிந்தவர்களுக்கு அந்தக் காற்று உடனே பிடிபடும். இயந்திரத்தை நிறுத்தியதும் முதலில் காது அமைதியாகும், பிறகு அடிப்பலகையில் தண்ணீர் உரசும் சத்தம் கேட்கத் தொடங்கும். வேகம் மனிதர் நடப்பதைவிடக் கொஞ்சம் கூட. பாறையில் அடித்திருக்கும் இரும்பு வளையத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு, புட்டும் மீன்குழம்பும் எடுத்து வைத்தால் போதும். 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீடுகளிலிருந்து 150 மீற்றர் தள்றி, ஆள்நடமாட்டம் இல்லாத கரையில் இரண்டு இரவு கூடாரமடிக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. எங்கள் பெற்றோர் ஒருகாலத்தில் தங்கள் சொந்தக் கரைக்குப் போகவே பாஸ் எடுத்தவர்கள் என்பதால் இந்தச் சட்டம் எங்களுக்குச் சின்ன விசயமாகத் தெரிவதில்லை.

சொந்தப் படகு வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். ஹூவெட்ஓயா, கிரெஸ்ஹோல்மன், லாங்ஓயேனெ தீவுகளுக்கு ரூட்டர் சீட்டோடு படகில் போகலாம். ஒஸ்லோ ஃபியோர்ட் கரையோரக் குடில்களைச் சில நூறு குரோனருக்கு ஓரிரவு எடுக்கலாம், சிலவற்றோடு துடுப்புப் படகும் வரும். 8 மீற்றருக்குக் குறைந்த படகு ஓடும்போது மிதப்புச் சட்டை போடுவது 2015 இலிருந்து சட்டம். நீச்சல் தெரிந்தவர்களும் போடவேண்டும், மாமா சித்தப்பாமாரும் போடவேண்டும்.

ஆர்ச்சர் 200 வரையான படகுகளையும் கப்பல்களையும் கட்டி முடித்து, எண்பதை நெருங்கும் வயதில்தான் ஓய்ந்தார். அவர் பெயர் தாங்கிய முதல் மீட்புப் படகு நாற்பது ஆண்டு வேலை செய்தபின் கைமாறி, அமெரிக்காவில் கேட்பாரற்றுக் கிடந்தது. அறுபதுகளில் அதை அடையாளம் கண்டு, எழுபதுகளில் நோர்வேக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பழுதுபார்த்து, பழைய பாய்களையே கட்டினார்கள். கோடையில் லார்விக், ஸ்தாவெர்ன் பக்கம் போகிறவர்கள், இரண்டு பக்கமும் கூரான, அகன்ற மரப்படகு ஒன்று அவசரமில்லாமல் வருவதைக் கண்டால் பாயைக் கவனியுங்கள். ஆர். எஸ். 1 என்று எழுதியிருக்கும்.