முதுகில் போட்ட ஊசி!

நம் மூளையும் தண்டுவடமும் தெளிந்த நீர் போன்ற ஒரு திரவத்தில் மிதக்கின்றன. அதனால்தான் நாம் ஓடும்போதும் குதிக்கும்போதும் மூளை மண்டை ஓட்டில் இடிபடுவதில்லை. அந்தத் திரவத்துக்கு ஓர் அழுத்தம் உண்டு. ஐயம்பேட்டையில் பட்டுத் தறி உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எளிதில் புரியும். பாவு அதிகம் இறுகினால் இழை அறுந்துவிடும் அல்லவா? அதுபோலத் திரவத்தின் அழுத்தம் மிகவும் கூடினால் மூளைக்கு ஆபத்து.

இந்த அழுத்தத்தை அளக்க வழி கண்டவர் ஹைன்ரிக் குவின்கே. 1842ஆம் ஆண்டு ஜெர்மனியில், ஓடர் நதிக்கரையில் உள்ள பிராங்பர்ட் நகரில் பிறந்தார். அப்பா டாக்டர். அண்ணன் இயற்பியல் அறிஞர். மருத்துவம் படித்த குவின்கே, 1878இல் கீல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

அப்போது எக்ஸ்ரேகூட கண்டுபிடிக்கப்படவில்லை. மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைகளின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. பல குழந்தைகள் இறந்தனர்.

குவின்கே யோசித்தார். தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை வருவதில்லை. அது முடியும் இடத்துக்குக் கீழே ஊசி போட்டால் தண்டுவடத்தில் குத்தாது. நினைவிழந்து கிடந்த, இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு சிறுவனுக்கு இப்படி ஊசி போட்டார். சில நாள் இடைவெளி விட்டு மூன்று முறை சிறிதளவு திரவத்தை எடுத்தார். சிறுவன் பிழைத்தான்! 1891இல் வீஸ்பாடன் நகர மருத்துவ மாநாட்டில் இந்த முறையை விளக்கினார்.

அத்தோடு அவர் நிற்கவில்லை. ஊசியுடன் குழாயை இணைத்து, திரவம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று அளந்தார். அதுதான் அழுத்தம். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்தே அளந்தார். உட்கார்ந்திருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். அழுதாலும் முக்கினாலும் அப்படியே. அதனால்தான் இன்றும் குழந்தையின் அழுகை அடங்கும்வரை காத்திருந்து டாக்டர்கள் அளக்கிறார்கள்.

எடுத்த திரவத்தையும் குவின்கே வீணாக்கவில்லை. அதிலிருந்த சர்க்கரை, புரதம், கிருமிகளை ஆராய்ந்து நோயைக் கண்டறிந்தார்.

1922இல் அவர் மறைந்தார். ஆனால், குழந்தைகளுக்கு எவ்வளவு அழுத்தம் இயல்பானது என்ற கேள்வி நெடுங்காலம் தீரவில்லை. 2010இல் அமெரிக்க டாக்டர்கள் 1 முதல் 18 வயதுவரை உள்ள 197 பேரை அளந்து பார்த்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு, குழாயில் திரவம் 28 சென்டிமீட்டர் உயரத்துக்குள்தான் நின்றது. அதற்கு முன் பலர் நினைத்திருந்த அளவைவிட இது அதிகம். சரியான அளவு தெரிந்ததால், நோயில்லாத குழந்தையை நோயாளி என்று தவறாக நினைப்பது குறையும்.