பாமர்ஸ்டன் ஏந்திய துலாக்கோல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் குரலைக் கடல்கடந்த நாடுகளிலெல்லாம் ஓங்கி ஒலிக்கச் செய்தவர் பாமர்ஸ்டன் பிரபு. ஹென்றி ஜான் டெம்பிள் என்னும் இயற்பெயருடைய அவர், 1784 அக்டோபர் 20ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டரில் பிறந்தார். அவர் குடும்பப் பட்டம் அயர்லாந்துக்குரியது; ஆதலின் பிரபுவாக இருந்தும் 1807இல் மக்களவையில் இடம்பெற்றார். 1830க்கும் 1851க்கும் இடையே மூன்று முறை அயலுறவு அமைச்சராகவும், 1855க்குப் பின் இருமுறை தலைமையமைச்சராகவும் விளங்கினார்.

1847இல் ஏதென்ஸ் நகரில் டான் பசிஃபிக்கோ என்னும் யூத வணிகரின் இல்லம் சூறையாடப்பட்டது. ஜிப்ரால்டரில் பிறந்த அவர் பிரிட்டிஷ் குடிமகனாவார். கிரேக்க அரசு அவர் கோரிய இழப்பீட்டைத் தராமையால், 1850இல் ஆங்கிலக் கடற்படை பிரேயஸ் துறைமுகத்தை முற்றுகையிட்டது. பிரபுக்கள் அவை இதனைக் கண்டித்தது. பாமர்ஸ்டனோ மக்களவையில் நான்கு மணி நேரத்திற்கும் மேலாகப் பேசினார். பண்டை உரோமக் குடிமகனைப் போலவே தம் நாட்டுக் குடிமகனும் எங்கிருப்பினும் காப்புப் பெறுவான் என வாதிட்டார். அவை 46 வாக்கு மிகுதியால் அவர் பக்கம் நின்றது. அவ்வாண்டிலேயே பிரேசில் கடற்கரையில் அடிமைக் கப்பல்களை அக்கடற்படை கைப்பற்றியது. அடிமை இறக்குமதியைத் தடுக்கும் சட்டத்தைப் பிரேசில் இயற்றுதற்கு இதுவும் காரணமாயிற்று.

இவ்வளவில் அவர் புகழ் மாசற்றதே. ஆயின் அதற்குப் பத்தாண்டு முன்னர் நிகழ்ந்ததை மறத்தற்கில்லை. தன் குடிகளைச் சீரழித்த அபினியை 1839இல் சீன அரசு கைப்பற்றி அழித்தது. அந்த அபினி பெரும்பாலும் இந்தியாவில் விளைந்தது. வணிகரின் இழப்பை ஈடுசெய்யப் பாமர்ஸ்டன் போர்க்கப்பல்களை ஏவினார். அவர் பதவி நீங்கியபின், 1842இல் முடிந்த அப்போரில் சீனா ஹாங்காங் தீவை இழந்தது. பெருந்தொகையும் செலுத்த நேர்ந்தது. 1857இல் மீண்டும் சீனாவின்மீது படை செலுத்தியதை மக்களவை கண்டித்தபோது, அவர் தேர்தலை நாடி வென்றார்.

1863இல் டென்மார்க்கு தனித்துவிடப்படாது என்னும் நம்பிக்கையை அவர் பேச்சு ஊட்டியது. மறு ஆண்டில் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அந்நாட்டின்மீது படையெடுத்தபோது இங்கிலாந்து வாளாவிருந்தது. தரைப்படை வலிமை மிக்காரிடம் கடற்படையின் அச்சுறுத்தல் செல்லவில்லை. 1865 அக்டோபர் 18ஆம் நாள், எண்பத்தொன்றாம் பிறந்தநாளுக்கு இரு நாள் முன்பு, தலைமையமைச்சராகவே அவர் மறைந்தார்.

தம் குடிமகன் ஒருவனைக் காத்தல் அரசின் கடன் என்று ஏதென்ஸ் நகரில் நிலைநாட்டியவர், தன் குடிகளைக் காக்க முனைந்த சீன அரசுக்கு அக்கடனை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் ஏந்திய துலாக்கோலில் ஒரு தட்டு எப்போதும் தம் நாட்டின் பக்கமே தாழ்ந்தது. அவர்தம் பெருமையும் குறையும் அதுவே.